நெறிக்கோவையும் மலையக மனையும்

கட்டடங்களினின்று எழும் கரியமில வாயுவைக் குறைத்தல் வேண்டும் என்பது உலகத்தார் பலரும் உடன்பட்ட கொள்கையாகும். இலங்கையில் அக்கொள்கைக்கு வழிகோலிய நூல்களுள், நிலைபெறுதகு வலு அதிகாரசபை 2008இல் வெளியிட்ட கட்டட வலுச்சிக்கன நெறிக்கோவை குறிப்பிடத்தக்கது. 2020ஆம் ஆண்டின் பெயர் தாங்கிய புதிய நெறிக்கோவை அதன் இடத்தைப் பெற்றுவிட்டதாயினும், முன்னது எந்நிலத்தை மனத்திற்கொண்டு எழுந்தது என ஆராய்தல் ஊவா மாகாணத்தார்க்குப் பயனுடையதே.

ஒளியமைப்பு, காற்றோட்டமும் குளிரூட்டலும், சுவரும் கூரையும், மின்பகிர்வு, வெந்நீர் என அந்நூல் பேசும் பொருள்கள் ஐந்து. நான்கு மாடியோ, 500 சதுர மீற்றர் பரப்போ உடைய வணிகக் கட்டடங்கள் அதன் எல்லைக்குட்பட்டன. கொழும்பின் வெம்மைக்கு இது சாலப் பொருந்தும். கடல்மட்டத்திற்கு மேல் 4,000 அடிக்கும் உயர்ந்த பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் குளிரூட்டியை நாடுவார் யார்? ஈண்டு வலுவை உண்பது வெப்பம். கொழுந்து வாட்டுதற்கும் உலர்த்துதற்கும், சோறு சமைத்தற்கும், குளிர்காய்தற்கும் எரியும் விறகே அதன் ஊற்று. பதுளை நகரின் புதிய கடைத்தொகுதிகளை நெறிக்கோவை கண்டது. சூழவுள்ள தோட்டங்களின் அடுப்பை அது கண்டிலது.

இதனைக் குற்றமெனக் கூறுவது மிகையோ எனின், அன்று. லயத்துக் காம்பராவில் மின்விளக்கு இரண்டொன்றே எரிகின்றமையால் அக்குடும்பத்தின் வாயுக் கணக்கு மிகச் சிறிதாகும். அச்சிறுமையைச் சிக்கனம் எனப் பாராட்டுவது அறியாமை. அஃது இல்லாமையின் அளவு. புகைபோக்கியற்ற அடுப்பில் மிலாறு எரித்து, முதுகுக்கு முதுகாகக் கட்டிய அறைகளில் அப்புகையை உண்டு வாழ்வாரை வலுச்சிக்கனர் என்பது நகைப்பிற்குரியது.

உள்ளூராட்சி மன்றங்களை மட்டும் பழித்தலும் நேரிதன்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப்பணம் செல்லாவாறு நெடுங்காலம் தடுத்து நின்றது. தோட்டத்தார் வாக்களித்துத் தெரிந்த சபையே அவர்தம் வாயிற்படிக்கு ஒரு கல்லும் இடவியலாதிருந்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்சரிவிற் புதையுண்டபோதும் அச்சட்டமே நடப்பிலிருந்தது. திருத்தம் வந்தது 2018இல்.

இந்திய உதவியுடன் மலையகத்தில் எழுந்துவரும் தனிவீடுகள் 7 பேர்ச் நிலத்தில் 550 சதுர அடி உடையன. குறைநோக்கினார்க்கும் அவை லயத்தினும் பன்மடங்கு மேலானவை. ஆயினும் அடுப்பங்கரை எத்திசை நோக்கல் வேண்டும், புகைபோக்கி எங்கு அமைதல் வேண்டும், கூரை இரவுக் குளிரை எவ்வாறு தடுக்கும் என்னும் வினாக்கள் வரைபடத்தை ஆராய்வார் கேட்கவேண்டியன. கடைத்தொகுதியின் மின்விளக்கை எண்ணும் சபை இவற்றையும் எண்ணுமாயின், புகையும் குறையும்; விறகும் மிஞ்சும். தொழிற்சாலை உலைக்கு வரும் விறகு நிறுக்கப்பட்டே வருகின்றது. பெண்கள் தலைச்சுமையாய் லயத்திற்குக் கொணரும் மிலாற்றை நிறுத்துப் பார்த்தல் அவ்வேலையின் தொடக்கமாகலாம்.