ஒரு சாளரத்தின் பதினான்கு ஆண்டுகள்

எழில் என்றவுடன் மலையருவியையும் மாலைக் கதிரவனையும் நாடிச் செல்வது புகைப்படக் கலையில் பழகிப்போன வழக்கம். செக் நாட்டுக் கலைஞர் யோசெப் சுடெக் (1896–1976) அவ்வழக்கத்துக்கு மாறானவர். பிராக் நகரில், உயர்ந்த வீடுகள் சூழ்ந்த தோட்டமொன்றில் நின்ற சிறு மரக்கொட்டகையே அவருடைய பணிக்கூடம். அதன் சாளரத்தை 1940 முதல் 1954 வரை அவர் மீண்டும் மீண்டும் படம்பிடித்தார். வெளியே முறுக்கிவிட்டாற்போன்ற ஓர் ஆப்பிள் மரம். உள்விளிம்பில் ஒரு கண்ணாடிக் குவளை, சிலபொழுது ஒரு பூ. பாடுபொருள் இவ்வளவே.

இதில் காண்பதற்கு என்ன உண்டு என வினவுவோர் படங்களை வரிசையாக நோக்குதல் வேண்டும். தமிழ் இலக்கணம் காலத்தைப் பெரும்பொழுது, சிறுபொழுது எனப் பகுத்ததை மாணவர் அறிவர். அப்பகுப்பைக் கொண்டே இத்தொகுதியையும் நன்கு பயிலலாம். மரமும் சாளரமும் அவையே, பொழுதுதான் வேறு. ஈரம் மிகுந்த நாளில் கண்ணாடியின்மீது நீர்த்துளிகள் கோடிட்டு இறங்க, மரம் கரைந்து வெறும் நிழலாகிறது. உறைபனி படிந்தபோதோ வெளியுலகமே மறைந்துவிடுகிறது. கண்ணாடிப் பரப்பே ஒரு நிலக்காட்சியாய் நிற்கிறது.

முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தவர் சுடெக். பெரிய பெட்டிக் கேமராக்களை ஒற்றைக் கையாலேயே இயக்கினார். 1940 முதல், நெகடிவைப் பெரிதாக்காமல் தாளின்மீது நேரே வைத்துப் பதிக்கும் முறையை மேற்கொண்டார். நெகடிவின் அளவே படத்தின் அளவு. பெரிதாக்குங்கால் தேய்ந்துபோகும் சாம்பல் நிறத்தின் நுண்ணிய படிகள் இம்முறையில் அப்படியே தங்குகின்றன. குவளையின் நீருக்கும் அதன் பின்னுள்ள ஈரக் கண்ணாடிக்கும் உள்ள வேறுபாடு அப்படிகளாலேயே புலனாகிறது. கைக்கு அருகில் வைத்து நோக்க வேண்டிய இப்படங்களைச் சுவரொட்டி அளவுக்கு ஊதிப் பெருக்குவது கலைஞரின் நோக்கத்தையே கெடுப்பதாகும்.

1939 மார்ச்சு முதல் 1945 மே வரை பிராக் நாஜிப் படைகளின் பிடியில் இருந்தது. நாடு அடிமைப்பட்டிருந்த வேளையில் குவளையையும் பனித்துளியையும் படம்பிடித்துக்கொண்டிருந்தது பொறுப்பின்மை அன்றோ? இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. இப்படங்கள் கண்ணுக்கு இதமளிப்பதோடு நின்றிருப்பின் குற்றச்சாட்டு நிலைத்திருக்கும். ஆனால் இச்சாளரம் வெளியைக் காட்டுவதினும் மறைப்பதே மிகுதி. உள்ளே அடைபட்ட ஒருவன், தெளிவாகத் தெரியாத மரத்தை ஒவ்வொரு நாளும் உற்றுநோக்குகிறான். படைவீரன் ஒருவனும் படத்தில் இல்லை. எனினும் அக்காலத்தின் மூச்சடைப்பு அதில் இருக்கிறது. நேரடியான கண்டனத்தை எதிர்பார்ப்போர்க்கு இது போதாதுதான்.

அவருடைய பிற்காலப் படங்கள் அனைத்தும் இந்நிலையில் இல்லை. சிப்பி, கசங்கிய தாள், கண்ணாடித் துண்டு முதலியவற்றைக் கூட்டி அமைத்த சிலவற்றில் அடுக்கிய கையின் முயற்சி முந்தி நிற்கிறது. பொருள்கள் மிகுந்தும் பார்வை குன்றுகிறது. மாணவர்க்குச் சுடெக்கை அறிமுகம் செய்யும் ஆசிரியர், பரவலாகப் போற்றப்படும் அவற்றைப் பிறகு காட்டலாம். பனி மூடிய சாளரப் படங்கள் நான்கைந்தை ஒருசேர மேசைமீது பரப்பி, எது காலை, எது மாலை என்று கேட்டுத் தொடங்குவது நன்று.