தடைபட்ட கேசட்டின் மவுசு

1989 மே மாதம் அமெரிக்கக் கடைகளுக்கு ஒரு கறுப்பு வீடியோ கேம் கேசட் வந்தது. நின்டெண்டோவின் என்.இ.எஸ். கருவியில் ஓடும் டெட்ரிஸ். வெளியிட்டதோ நின்டெண்டோ அல்ல, அட்டாரி கேம்ஸின் துணை நிறுவனமான டென்ஜென். ஜூனிலேயே நீதிபதி ஃபெர்ன் ஸ்மித் விற்பனைக்குத் தடை போட்டார். அதற்குள் சுமார் ஒரு லட்சம் கேசட்டுகள் விற்றுவிட்டன என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பழைய கேம்களைச் சேகரிப்பவர்களிடம் அதற்கு இன்றும் தனி மவுசு உண்டு. அதில் எவ்வளவு விளையாட்டுக்கு உரியது, எவ்வளவு வழக்குக்கு உரியது என்பதுதான் என் கேள்வி.

முதலில் வழக்கு. சேகரிப்பாளர்கள் இதை ஏகபோகத்தை எதிர்த்த கலகக்காரனின் கதையாகச் சொல்வார்கள். உண்மையில் இங்கே இரண்டு மீறல்கள் உண்டு. இரண்டும் ஒரே தரத்தவை அல்ல. அனுமதியில்லாத கேசட்டுகளை ஏற்காதிருக்க என்.இ.எஸ்ஸுக்குள் ஒரு பூட்டுச் சில்லு இருந்தது. அதன் நிரல் வேண்டும் என்பதற்காக, வழக்குக்குத் தேவைப்படுகிறது என்று பொய்க் காரணம் காட்டி, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்தே பிரதி வாங்கினார்கள் அட்டாரியின் வழக்கறிஞர்கள். இதைக் கலகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டெட்ரிஸ் உரிமை விஷயம் வேறு. அலெக்ஸி பஜித்னோவ் 1984இல் மாஸ்கோவில் உருவாக்கிய விளையாட்டு அது. ராபர்ட் ஸ்டைன் பெற்ற உரிமை மிரர்சாஃப்ட் வழியாக அட்டாரிக்கு வந்தது. அந்த உரிமை கணினிகளுக்கு மட்டும்தான் என்று சோவியத் நிறுவனமான எலோர்க் ஒப்பந்தத்தில் பிறகு தெளிவாக வரையறுத்து, டிவி கேம் கருவிக்கான உரிமையை நின்டெண்டோவுக்கு விற்றது. ஆக, பூட்டு விஷயத்தில் டென்ஜென் தந்திரக்காரன். டெட்ரிஸ் விஷயத்தில், விற்க உரிமையில்லாதவரிடம் நிலம் வாங்கியவன்.

விளையாட்டுக்கு வருவோம். ஆஸ்டிராய்ட்ஸ், கான்ட்லெட் போன்றவற்றை உருவாக்கிய எட் லாக் செய்த வேலை இது. இரண்டு பேர் ஒரே திரையில் போட்டியிடலாம். ஒரே அகலக் குழியில் சேர்ந்தும் அடுக்கலாம். கூட ஆளில்லை என்றால் கருவியே எதிராளியாகும். அதே ஆண்டு பின்னர் வந்த நின்டெண்டோ டெட்ரிஸில் இவை ஒன்றும் இல்லை, ஒருவர் மட்டுமே ஆடலாம். அண்ணனும் தம்பியும் ஒரே டிவிக்கு முன் உட்கார்ந்திருந்த வீடுகளில் எது மேல் என்று கேட்கவே வேண்டாம். அந்த வகையில் சேகரிப்பாளர்கள் செய்திருப்பது நல்ல காரியம். நீதிமன்றம் அப்புறப்படுத்திய ஒரு நல்ல வடிவத்தை அவர்கள்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் காலம் வேறு தீர்ப்பும் எழுதியிருக்கிறது. 2010இல் தொடங்கிய செவ்வியல் டெட்ரிஸ் உலகப் போட்டிக்கு எடுத்துக்கொண்டது நின்டெண்டோ வடிவத்தைத்தான். 2023 இறுதியில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் ஆடி ஆடி அதை உறையவே வைத்துவிட்டான். வசதி குறைந்த வடிவத்தைச் சுற்றித்தான் ஒரு விளையாட்டுக் கலை வளர்ந்தது. டென்ஜென் கேசட்டைச் சுற்றிக் கதைதான் வளர்ந்தது.

'அரிது' என்ற பேச்சையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஒரு லட்சம் விற்ற பொருள் எப்படி அரிதாகும்? அட்டைப்பெட்டியில்லாத கேசட் இணையத்தில் அடிக்கடி விலைக்கு வருகிறது. உண்மையான அரிதுக்கு அதே உரிமைச் சிக்கலில் மாட்டிய சேகாவின் மெகா டிரைவ் டெட்ரிஸைச் சொல்லலாம். அது கடைக்கே வராமல் நிறுத்தப்பட்டது. மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. தடை, திரும்பப் பெறல், வழக்கு என்ற மூன்று சொற்களும் சேர்ந்து டென்ஜென் கேசட்டுக்கு ஒரு பொய் அருமையைக் கொடுத்துவிட்டன. (விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை.)

எனக்கு உறுத்துவது வேறொன்று. பிரிக்காத பெட்டியைத் தரம் பிரித்து, மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் கூட்டில் அடைக்கும் வழக்கம். 2021இல் ஒரு சூப்பர் மாரியோ 64 பிரதி 15 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனதிலிருந்து இந்த ஆசை பலருக்கும் தொற்றியிருக்கிறது. வேறு சில கேம்களுக்கு இது பொருந்தலாம். உறை ஓவியத்துக்காகவே வாங்குபவர்கள் உண்டு. இந்தக் கேசட்டின் தனிச்சிறப்போ இருவர் ஆடும் ஆட்டம். கூட்டுக்குள் அடைத்த பிரதி விலை ஏறலாம்; ஆனால் நின்டெண்டோ வடிவத்தைவிட இது ஏன் மேல் என்று அதைக்கொண்டு யாரும் காட்ட முடியாது. பெட்டி தொலைந்து, லேபிள் தேய்ந்த பிரதி கிடைத்தால் அதையே வாங்கச் சொல்வேன். விலையும் குறைவு, இரண்டு பேர் ஆடவும் ஆடலாம்.