நீலச் சிறுவனும் உடைந்த முட்டையும்

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்து மழலையர் பள்ளிகளில் நம் பிள்ளைகள் மனனம் செய்பவற்றில் ஆங்கிலப் பாட்டுகள் பல. மதில்மேலிருந்து விழும் ஹம்ப்டி டம்ப்டியும், வைக்கோற்போரின் கீழ் உறங்கும் நீலச் சிறுவனும் அவர்களுக்கு அண்டை வீட்டாரைப் போல் ஆகிவிட்டனர். "அவன் ஏன் தூங்கினான்?" என்று பிள்ளை கேட்டால் அத்தாவும் அம்மாவும் விடையின்றி விழிப்பதை நாம் அறிவோம். அவ்விடையைச் சொல்ல முன்வந்த பொம்மலாட்டத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்கக் கலைஞர் ஜிம் ஹென்சன் (1936-1990) படைத்த 'மதர் கூஸ் ஸ்டோரீஸ்' என்னும் அத்தொடர் 1980களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் உருவாயிற்று. 1969இல் தொடங்கிய 'செசமே ஸ்ட்ரீட்' வாயிலாக அவருடைய பொம்மைகள் அதற்கு முன்பே உலகப் புகழ் பெற்றிருந்தன. தாய் வாத்து தன் மூன்று குஞ்சுகளுக்குக் கதை சொல்கிறது. ஒவ்வொரு கதையும் ஒரு பழம்பாட்டின் பின்னணியை விரிக்கிறது. எல். ஃபிராங்க் பாம் 1897இல் வெளியிட்ட உரைநடை நூலே இதற்கு மூலம்.

நீலச் சிறுவன் கதையில் இம்முயற்சி பெருவெற்றி காண்கிறது எனலாம். ஆடும் மாடும் பயிரை மேய, காவற்காரச் சிறுவன் உறங்கிக் கிடக்கிறான் என்பதே பாட்டு. பாட்டின்படி அவன் குற்றவாளி. பாம் அவனுக்கு ஒரு தாயைத் தருகிறார். கைம்பெண்ணான அவள் கால் முறிந்து கிடக்க, இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்தவன் பகலில் அயர்ந்து போகிறான். நூற்பாலையில் இரவு முறை முடித்துவரும் அத்தாவைக் கண்டு வளரும் இராஜபாளையத்துப் பிள்ளைக்கு இது எளிதில் விளங்கும். பகலில் உறங்குவோரெல்லாம் சோம்பேறிகள் அல்லர் என்று அதற்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பழம்பாட்டின் தீர்ப்பைக் கதை மாற்றிவிடுகிறது. மறுகூறலுக்கு இதனினும் உயர்ந்த பணி உண்டோ?

ஆனால், முட்டையின் கதையில் நம் மனம் ஒப்பவில்லை. ஹம்ப்டி டம்ப்டி பாட்டில் 'முட்டை' என்ற சொல்லே இல்லை என்பதை எத்தனை பெற்றோர் கவனித்திருப்பர்? அது ஆதியில் ஒரு விடுகதை. விழுந்தான், உடைந்தான், அரசனின் ஆட்களாலும் ஒட்டவைக்க இயலவில்லை, அவன் யார்? விடையைப் பிள்ளையே கண்டாக வேண்டும். பாம் இதனை உணர்ந்தவர். அவர் கதையின் முடிவில் அப்பாட்டு விடுகதையாகவே வருகிறது. பொம்மையோ திரையில் தோன்றிய கணத்திலேயே விடையைக் காட்டிவிடுகிறது. நம் 'நூறு மசலா'வில் அரசிளங்குமரி வினாத் தொடுக்கும் முன்னரே விடையை அச்சிட்டு நீட்டினால் அந்நூலில் எஞ்சுவது என்ன? (பாடநூல்களின் வண்ணப் படங்களும் இதே பிழையைச் செய்பவைதாம். பொம்மையை மட்டும் பழிப்பது நேர்மையன்று.)

நம் நாட்டுத் தோற்பாவைக்கூத்து இவ்வகையில் நுட்பமானது. விளக்கொளியில் திரைமேல் படிவது நிழலே. திரைக்குப் பின்னிருந்து ஒருவரே பல குரலில் பேசுவார். மீதியைக் காண்போர் தம் மனத்தால் நிரப்பிக்கொள்வர். ஹென்சனின் பொம்மை பஞ்சும் துணியும் போர்த்தது. வாய் அசையும், தலை சாயும். கைக்குள் உயிர் வைத்திருப்பதுபோன்ற அத்திறனை வியக்காமல் இருக்க முடியாது. ஆயினும் அங்கே நிரப்புவதற்கு இடம் குறைவு.

இன்னொன்றையும் நம் இல்லத்தார் நோக்க வேண்டும். தாய் வாத்து தன் குஞ்சுகளை அருகில் வைத்துக்கொண்டே கதை சொல்கிறது. நாமோ அதே காட்சியின் முன் பிள்ளையைத் தனியே அமர்த்திவிட்டு அடுக்களைக்குப் போய்விடுகிறோம். தொடரை ஆக்கியவர் காட்டிய முறையைக் கைவிட்டு, அவர் ஆக்கிய பொம்மையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நன்னிமார் சொல்லிவந்த விடுகதைகளையும் தாலாட்டுகளையும் பொம்மைகொண்டு ஆட நம்மவர் எவரேனும் முன்வருவாராயின் ஒரு வேண்டுகோள்: தாலாட்டுக்குப் பொம்மை முதலிலேயே வரட்டும். விடுகதைக்கோ, பிள்ளை வாய்திறந்து விடை சொல்லும் வரை அது கூடைக்குள்ளேயே இருக்கட்டும்.