விஷ்ணுபுரமும் அதன் வாசகரும்: ஓர் இறையியல் நோக்கு

ஒரு நூலைக் குறித்து வாசகர் இருவேறு தீர்ப்புகள் வழங்குவது புதிதன்று. ஆயினும், ஒரே நூலை ஒரு சாரார் இந்து மதவாத நூல் என்றும், மறு சாரார் இந்து சமயத்தை இழிவுபடுத்தும் நூல் என்றும் கூறி ஒதுக்குவார்களாயின், அந்நூலிலும் அவ்வாசகரிடத்திலும் ஆராயத்தக்கது ஏதோ உண்டு எனக் கொள்ளவேண்டும். 1997-ஆம் ஆண்டு வெளிவந்த ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' என்னும் பெருநாவலுக்கு நேர்ந்தது இதுவே. அந்நூலைத் திருச்சபையின் ஊழியரும் இறையியல் மாணவரும் எவ்வாறு வாசித்தல் தகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நூலின் அமைப்பு

நாவலில் வரும் விஷ்ணுபுரம் ஆசிரியரின் கற்பனையில் எழுந்த கோயில் நகரம். செந்நீர் ஓடும் சோனை ஆற்றின் கரையில் அமைந்த அந்நகரின் நடுவே, மாபெரும் உருவினராய் விஷ்ணு பள்ளிகொண்டிருக்கிறார். யுக முடிவில் அவர் புரண்டு படுப்பார் என்பது அந்நகரத்தாரின் நம்பிக்கை. ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்னும் மூன்று பகுதிகளின் பெயர்களும் அவ்வுருவின் அடி, மார்பணி, முடி ஆகியவற்றைக் குறிப்பன. காலம் நேர்க்கோட்டில் செல்லாது சக்கரமாகச் சுழல்கிறது. ஒரு பகுதியில் மனிதராக நடமாடுவோர் பிறிதொரு பகுதியில் தொன்மங்களாகிவிடுகின்றனர். இயல்புநெறி நாவலில் பழகிய வாசகருக்கு இவ்வமைப்பு முதலில் மலைப்பைத் தருவது இயல்பே.

எனினும் இவ்வகை எழுத்து தமிழுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார், ஞானத்தைத் தேராகக் கொண்டு பல உலகங்களுக்குச் செல்லும் 'ஞானரத'த்தை எழுதினார். அது 1910-இல் நூலாயிற்று. பனியனின் 'மோட்சப் பிரயாணம்' நம் சபை வீடுகளில் வேதாகமத்துக்கு அடுத்து வைத்துப் படிக்கப்பட்டது. அதைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிக'த்தைப் பாடினார். ஆனால் பனியனில் ஒவ்வோர் உருவும் இன்னதைக் குறிக்கும் என்பது தெளிவு; பயணம் சென்றடையும் நகரமும் முன்னரே தெரியும். 'விஷ்ணுபுரம்' அத்தகைய உறுதி எதனையும் வாசகருக்கு அளிப்பதில்லை. கருத்து வேறுபாட்டுக்கு இதுவும் ஒரு காரணம்.

2. வாசகர் பிளவுண்ட விதம்

முதற் சாரார் தலைப்பையும் காலத்தையும் சேர்த்து வாசித்தனர். 1992 டிசம்பர் 6-ஆம் நாள் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டு ஐந்தாண்டுகள்கூட நிறைவுறாத வேளையில், 'விஷ்ணு' என்னும் பெயர் தாங்கி, வேதமும் ஆகமமும் தத்துவ விவாதமும் நிறைந்த நாவல் ஒன்று வெளிவந்தபோது, இடதுசாரிகளும் பகுத்தறிவு இயக்கத்தாரும் ஐயுற்றனர். அந்த ஐயத்தை ஏளனம் செய்தல் முறையாகாது. இடிபாட்டின் புழுதி அடங்குமுன் எழுப்பப்படும் எந்தக் கோபுரமும் ஐயத்துடனேயே பார்க்கப்படும்.

இரண்டாம் சாரார் பக்தி நோக்கினர். நூலுக்குள் நுழைந்த அவர்கள் கண்டது அர்ச்சகரின் பேராசை, அரசரின் ஆணவம், கணிகையரின் துயரம், சுமை தூக்குவோரின் அவலம் ஆகியவற்றையே. பள்ளிகொண்ட பெருமாளே மலைக்குடிகளின் பெருமூப்பன் என்னும் மூதாதைத் தெய்வம் என்று நாவல் சொல்லும் இடத்தில் அவர்களுட் பலர் நூலை மூடிவிட்டனர்.

மூன்றாம் சாரார் இலக்கிய வாசகர். இவர்களிடையேயும் ஒருமைப்பாடு இல்லை. தமிழ் நாவலின் எல்லையை விரித்த பெரும்படைப்பு என்று சிலர் போற்றினர். வடமொழிச் செறிவும் நீண்ட தருக்கங்களும் கதையை நசுக்குகின்றன என்று வேறு சிலர் குறைகூறினர். நூலைப் போற்றியோர் ஆசிரியருடன் ஒரு வாசக வட்டமாகத் திரண்டனர். 'விஷ்ணுபுரம்' என்னும் பெயரிலேயே 2010 முதல் ஆண்டுதோறும் இலக்கிய விருது வழங்கப்பட்டுவருகிறது. நிறுவனங்கள் எவ்வாறு உருவாகின்றன என ஆராயும் நாவலின் பெயரில் ஒரு நிறுவனம் உருவானது, நாவலின் கருத்து மெய்யென்பதற்கு நாவலுக்கு வெளியே கிடைத்த சான்று.

நம்மவர் எங்கே நின்றனர்? பெரும்பாலோர் வாசிக்கவில்லை. வாசித்த சிலரிடம் இரண்டு மறுமொழிகளைக் கேட்டிருக்கிறேன். "இது அந்நிய தெய்வங்களின் கதை, நமக்கு எதற்கு?" என்பது ஒன்று. "கோயில்களின் பொய்ம்மையை அவர்களுள் ஒருவரே எழுதிவிட்டார், பிரசங்கத்துக்குப் பயன்படும்" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். நூல் எந்தக் கட்சியைச் சேர்ந்தது என்று கேட்டுவிட்டு, அது என்ன கேட்கிறது என்பதைச் செவிமடுக்காது விடுதலே அப்பிழை. இதே ஆசிரியர் 1999-இல் வெளியிட்ட 'பின்தொடரும் நிழலின் குரல்' சோவியத் கனவின் வீழ்ச்சியைப் பேசுவது. அதில் இயேசு கிறிஸ்து ஒரு பாத்திரமாக வருகிறார். எனவே, சின்னம் பார்த்துத் தரம் பிரிப்போருக்கு இவர் எளிதில் அகப்படுவாரல்லர்.

3. நாவல் எழுப்பும் வினா

நூலின் நடுப்பகுதியில் அஜிதன் என்னும் பௌத்த இளைஞன் ஞானசபைக்கு வந்து, வைதிகப் பேரறிஞர் பவதத்தரோடு வாதிட்டு வெல்கிறான். வாதத்தின் நுட்பங்களைவிட, வெற்றிக்குப் பின் நிகழ்வதே நம் கவனத்துக்குரியது. அவன் கண்ட உண்மை அவன் கையை விட்டு நழுவுகிறது. அவன் பெயரால் அதிகாரத்தை நிறுவுவோர் வேறு மனிதர். பழைய பீடம் போய்ப் புதிய பீடம் வருகிறது. பீடம் மட்டும் நீங்குவதில்லை. தேடலில் பிறந்த உண்மை ஆட்சிக்கு வந்தபின் தேடுவோரையே அஞ்சத் தொடங்குகிறது. தன் காவியத்தை அரங்கேற்ற வரும் கவிஞன் சங்கர்ஷணன் படும் பாட்டிலும், கற்ற மறையில் நிறைவு காணாது வெளியேறும் பிங்கலனின் அலைச்சலிலும் இவ்வினாவே மீண்டும் மீண்டும் எழுகிறது.

சீர்திருத்தத் திருச்சபையினராகிய நாம் இதனை அயலார் கதையென வாசித்தல் இயலுமோ? 1517-இல் விட்டன்பெர்க்கில் தொடங்கிய விவாதம் இரு தலைமுறைகளுக்குள் இறுகிய கோட்பாட்டுச் சூத்திரங்களாயிற்று. நம் நாட்டில் சபைச் சொத்து வழக்குகளும் தேர்தல் பூசல்களும் எத்தனை ஆலயங்களின் கதவுகளைப் பூட்டியுள்ளன என்பதை இவ்விதழின் வாசகருக்குச் சொல்லவேண்டுவதில்லை. எருசலேம் ஆலயத்தின் வாசலில் நின்று, ஆலயத்தின் பெயரைத் திரும்பத் திரும்ப உச்சரிப்பதை நம்பாதீர்கள் என எச்சரித்த எரேமியா (7-ஆம் அதிகாரம்) தன் சொந்த மக்களிடமே பேசினான்.

அப்பேச்சைக் கேட்டோரும் பிளவுபட்டனர். 26-ஆம் அதிகாரத்தின்படி, ஆசாரியரும் தீர்க்கதரிசிகளும் அவனுக்கு மரண தண்டனை கோரினர். பிரபுக்களும் சனங்களும் மறுத்தனர். மூப்பருட் சிலர் முன்னாளில் மீகா அவ்வாறே பேசியதை நினைவூட்டினர். 36-ஆம் அதிகாரத்தில் சுருள் வாசிக்கப்பட்டபோது அதிகாரிகள் திடுக்கிட்டனர். அரசனோ அதனை அறுத்துக் கணப்பு நெருப்பில் இட்டான். எரிக்கவேண்டாமென மூவர் மன்றாடினர். ஒரே சுருளைக் கேட்ட ஓர் அரண்மனையில் இத்தனை வேறுபாடு! அங்கே எரேமியா பாபிலோனின் ஆள் என்று சொல்லப்பட்டதுபோலவே, நூலாசிரியர் எவருடைய ஆள் என்னும் கேள்வி இங்கும் முந்திக்கொள்கிறது. நாவலைத் தீர்க்கதரிசனத்துக்கு இணையாக்குவது என் கருத்தன்று. கேட்போரின் பிளவு எவ்வாறு உண்டாகிறது என்பதற்கு மறைநூலிலேயே முன்மாதிரி உண்டு என்பதே கருத்து.

4. புதுச்சேரியில் இருந்து வாசித்தல்

நூலின் இறுதியில் சோனை பெருக்கெடுக்கிறது, விஷ்ணுபுரம் அழிகிறது. கிறிஸ்தவ வாசகர் சிலர் மகிழ்ந்து எடுத்துக்காட்டும் பகுதி இதுவே. ஆனால் புதுச்சேரியில் இருந்து வாசிக்கும் கிறிஸ்தவனுக்கு அந்த மகிழ்ச்சி எளிதன்று. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் இந்நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், இயேசு சபையாரின் சம்பா கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில் துய்ப்ளேக்சு ஆளுகையில் இடிக்கப்பட்டது. அவருடைய துபாசி ஆனந்தரங்கப்பிள்ளை அந்நாளின் வேதனையைத் தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். பின்னர் எழுப்பப்பட்ட கோயில் இன்று ஈசுவரன் கோயில் வீதியில் நிற்கிறது.

"அது கத்தோலிக்கர் செய்தது, பிரெஞ்சுக்காரர் செய்தது" என்று நாம் கைகழுவலாம். நம் அயலாருக்கோ அது கிறிஸ்தவர் செய்தது. ஆதலால், நாவலில் ஒரு கோயில் நகரம் அழியும் காட்சியைப் பிரசங்க மேடையில் வெற்றிச் செய்தியாகப் பயன்படுத்தும் உரிமை நமக்கில்லை. நாவலாசிரியரும் அதனை வெற்றியாக எழுதவில்லை. அந்நகரின் சிற்பங்களையும் இசையையும் ஞானத்தையும் உள்ளிருந்து நேசித்தவனின் துக்கத்தோடு எழுதியுள்ளார். எருசலேமின் அழிவை முன்னுரைத்த ஆண்டவர் அந்நகரைக் கண்டு அழுதார் என்பதை லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கண்ணீரில்லாத தீர்ப்பு அவருடையதன்று.

5. நமது மறுப்பு

இத்தனையும் கூறியபின், விசுவாசத்தின் நிலையில் நின்று சில மறுப்புகளையும் கூறவேண்டும்.

முதலாவது, நாவலின் காலம் சக்கரம். கட்டுவதும் அழிவதும் ஓயாது சுழல்வதால் எந்தத் தீமைக்கும் இறுதிக் கணக்கு இல்லை. எந்த நன்மைக்கும் நிலைபேறு இல்லை. ஆதியாகமத்தின் வெள்ளத்துக்குப் பின் உடன்படிக்கை உண்டு. சோனையின் வெள்ளத்துக்குப் பின் எஞ்சுவது மௌனம். அந்த மௌனம் கலையின் நேர்மையாக இருக்கலாம்; துயருற்றோருக்கு அது நற்செய்தியாகாது.

இரண்டாவது, தேடுவோர் அனைவரும் தனியராகவே தேடுகின்றனர். நிறுவனம் அல்லது தனிமை என்னும் இரண்டே வழிகள் நாவலில் உள்ளன. தன் பாவத்தை அறிக்கையிட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஐக்கியம் என்னும் மூன்றாம் வழியை அது காணவில்லை. அவ்வழியை நாம் அதற்குக் காட்டியிருக்கிறோமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை நம் சபைகளிடம் உள்ளது.

மூன்றாவது, உழைப்போரையும் ஒடுக்கப்பட்டோரையும் நாவல் பரிவோடு காண்கிறது; ஆனால் ஞானசபையின் வினாக்கள் கற்றோரின் வினாக்களே. 1980-களில் நம் நாட்டில் உருவெடுத்த தலித் இறையியலைக் கற்ற மாணவர், பெருமூப்பனை வணங்கியோரின் சந்ததியார் அச்சபையில் எழுந்து பேசியிருந்தால் என்ன கேட்டிருப்பர் என வினவவேண்டும். நூலை அரசியல் நோக்கில் ஐயுற்றோரின் கூற்றில் நிலைத்து நிற்கத்தக்க பகுதி இதுவென்று எண்ணுகிறேன்.

6. ஊழியருக்குச் சில சொற்கள்

இந்நூலை விரும்பவேண்டும் என்று எவரையும் வற்புறுத்த இயலாது. நடை கடினம்; பொறுமை வேண்டும். ஆனால் வாசியாமல் தீர்ப்பளித்தலும், பாதியில் நிறுத்திப் பயன்பகுதியை மட்டும் வெட்டியெடுத்தலும் நமக்கு அடுத்தவையல்ல. இறுதியாண்டு மாணவர் அஜிதனின் பகுதியை எரேமியா 26, 36 ஆகிய அதிகாரங்களோடு சேர்த்து வாசித்து, தமக்குச் சினமூட்டிய இடங்களையும் அதற்கான காரணத்தையும் எழுதிப் பார்ப்பாராக. அதன்பின் தம் சபையின் கடந்த பத்தாண்டு நிர்வாகக் குழு நடவடிக்கைக் குறிப்பேட்டையும் ஒருமுறை புரட்டுவாராக. அவ்விரண்டையும் அடுத்தடுத்து வாசித்தவர் அயலாரின் கோயிலைப் பற்றி மேடையில் பேசும்போது குரலைச் சற்றுத் தாழ்த்தியே பேசுவார்.