"நான் யார்?" – பொருநைக் கரையின் கேள்வி

"நான் யார்?" என்று கேட்கச் சொன்னார் திருவண்ணாமலை இரமணர். உடலன்று, உள்ளமன்று எனக் கழித்துக்கொண்டே உள்நோக்கிச் செல் என்றார். அதே தலைப்பில், 2018இல் வெளிவந்த 'பரியேறும் பெருமாள்' படத்தின் இசைத்தொகுப்பிலும் ஒரு பாடல் உண்டு. தொகுப்பிலே குறைவாகப் பேசப்பட்டது அது. ஆயினும் நிறைவான கருத்துடையது என்போம் நாம்.

இசையமைத்தவர் சந்தோஷ் நாராயணன். கொல்லப்பட்ட நாய்க்காக ஒலிக்கும் 'கருப்பி' என்னும் புலம்பலைப் பாடியவரும் அவரே. 'நான் யார்' பாடலிலோ நனவும் கனவும் மயங்கும் ஓசை! மேலைநாட்டார் இதனைச் 'சைக்கடெலிக்' பாணி என்பர். 1960களில் அவ்விசையில் திளைத்த இளைஞர், தம்மை மறக்க விரும்பினர். பீட்டில்ஸ் குழுவினர் 1968இல் இரிஷிகேசம் வந்து தியானமும் பயின்றனர். தன்னை மறக்கும் வாய்ப்பு எவனுக்கு உண்டு? 'தான்' என்பது மறுக்கப்படாதவனுக்கு மட்டுமே!

நெல்லைச் சட்டக் கல்லூரியிலே பயிலும் பரியனுக்கு அது மறுக்கப்படுகிறது. வழக்கறிஞனாக வேண்டுமென வந்தவனைச் சாதி பிறாண்டுகிறது, அடிக்கிறது, இழிவு செய்கிறது. நீலம் பூசிய உருவமாக அவன் கேட்கிறான், "நான் யார்?" என்று. ஆன்மாவையா கேட்கிறான்? அல்ல! ஊரைக் கேட்கிறான், உன்னையும் என்னையும் கேட்கிறான். மறப்பதற்கு எழுந்த இசை, மானம் கோருவதற்குப் பயன்பட்டது. இதுவே இப்பாடலின் வெற்றி.

இக்கேள்வி இக்கரைக்குப் புதிதன்று. பொருநைக் கரையின் சேரன்மாதேவிக் குருகுலத்திலே, பிள்ளைகளுக்குப் பந்தி பிரித்துச் சோறிட்ட கொடுமையை எதிர்த்து, 1925ஆம் ஆண்டையொட்டிப் பெரியார் முழங்கினார். 1999 சூலை 23இல், மாஞ்சோலைத் தொழிலாளருக்காக நெல்லையில் நடந்த ஊர்வலம் காவலரால் தாக்கப்பட்டு, 17 உயிர்கள் ஆற்றிலே அழிந்தன. அந்நீரைப் புண்ணியத் தீர்த்தம் எனப் புகழும் நாவுகள், அம்மாண்டவர் யார் என்று கேட்டனவா? புளியங்குளத்தில் பிறந்த இயக்குநர் மாரி செல்வராஜ் கேட்டிருக்கிறார்.

குறையும் உண்டு. கருவிகளின் பேரோசை, சில இடங்களில் சொல்லை விழுங்கிவிடுகிறது. அறிவைத் தட்டியெழுப்ப வந்த பாட்டில், சொல் தெளிவாகக் கேட்கவேண்டாமா? ஓசை உணர்ச்சியை மூட்டும். சொல்லே சிந்தனையைத் தூண்டும்.

எனினும், இளைஞர்களே, இப்பாடலைக் கேளுங்கள். கண்மூடிக் கேட்க வேண்டா. கண் திறந்து கேளுங்கள்! பரியனின் கேள்விக்கு விடை வானிலும் இல்லை, ஆன்மாவிலும் இல்லை. ஊருக்கும் சேரிக்கும் இடையே நிற்கும் சுவரிலே இருக்கிறது. அச்சுவர் வீழும் நாளில்தான் அவன் விடை பெறுவான்: மனிதன்!