உடலுக்கு வெளியே வளரும் செல்

உடலிலிருந்து பிரித்தெடுத்த செல்களுக்கு உணவும் வெப்பமும் தந்து கலத்தில் உயிரோடு பெருகச் செய்வதே செல் வளர்ப்பு. 1907இல் ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் நரம்புத் திசுவை நிணநீர்த் துளியில் வைத்து, நரம்பிழை நீள்வதை நேரில் கண்டார். பாலூட்டிச் செல்களுக்கு 37 டிகிரி செல்சியஸ் வெப்பமும் ஏறத்தாழ 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடும் சத்துகள் கலந்த ஊடகமும் வேண்டும். பெரும்பாலும் கன்றுக்கருவின் சீரத்தையும் சேர்ப்பார்கள். ஊடகத்தில் உள்ள ஃபீனால் ரெட் சாயம் சிவப்பிலிருந்து மஞ்சளானால் அமிலம் சேர்ந்துவிட்டது, ஊடகத்தை மாற்றியாக வேண்டும். அடித்தளத்தில் ஒட்டி நிரம்பிய செல்களை டிரிப்சின் நொதியால் பெயர்த்துப் புதுக் கலங்களில் பகிர்வார்கள்.

இம்முறையின் பலன் மிகப் பெரிது. 1949இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவரும் போலியோ வைரஸை நரம்பல்லாத திசுவில் வளர்த்துக் காட்டினர். போலியோ தடுப்பூசிக்கு வழி திறந்தது அப்போதுதான். மரபணுப் பொறியியலுக்கும் இதுவே களம். மனித மரபணுவைச் சீன வெள்ளெலியின் சூலகச் செல்லில் புகுத்தி, நன்கு உற்பத்தி செய்யும் ஒற்றைச் செல்லைத் தேர்ந்து பெருக்கினால், பாக்டீரியா எளிதில் தர இயலாத சர்க்கரைச் சங்கிலியோடு கூடிய புரத மருந்து கிடைக்கிறது.

ஆனால் இயல்பான மனிதச் செல்கள் ஏறத்தாழ 50 முறை இரட்டித்தபின் நின்றுவிடுகின்றன என்று ஹேஃப்லிக்கும் மூர்ஹெட்டும் 1961இல் காட்டினர். ஓயாமல் பெருகும் செல் வேண்டுமென்றால் பெரும்பாலும் புற்றுச் செல்லையே நாட வேண்டும். 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து அவர் அனுமதியின்றி எடுத்த ஹீலா செல்கள் அப்படிப்பட்டவை. 46 குரோமோசோம்களுக்குப் பதில் 70க்கும் மேல் கொண்ட இச்செல்லை இயல்பான மனிதச் செல்லின் மாதிரியாகக் கொள்வது துணிச்சலான அனுமானம். அதைவிட மோசம், அடையாளக் குழப்பம். வெவ்வேறு திசுக்களிலிருந்து வந்தவை எனக் கருதப்பட்ட 18 செல் வரிசைகள் உண்மையில் ஹீலாவே என 1966இல் ஸ்டான்லி கார்ட்லர் நொதிச் சான்றோடு எடுத்துரைத்தார். இன்று டிஎன்ஏ சோதனையால் இதை எளிதில் கண்டறியலாம். சோதிக்காமல் முடிவுகளை வெளியிடுவதற்கு இனி எந்தச் சமாதானமும் இல்லை. மைக்கோபிளாஸ்மா என்னும் பாக்டீரியாவின் தொற்றும் அப்படித்தான், சோதிக்காமல் தெரியாது: ஊடகம் கலங்காது, செல்சுவர் இல்லாததால் பெனிசிலினும் பலிக்காது. தேடினால்தான் அகப்படும்.

அடையாளக் குழப்பமும் தொற்றும் கவனத்தால் தீரும் குறைகள். கவனத்தால் மட்டும் தீராத குறை ஒன்று உண்டு. தட்டையான பிளாஸ்டிக்கில் ஒட்டிய கல்லீரல் செல்கள், மருந்தைச் சிதைக்கும் நொதிகளைச் சில நாள்களிலேயே பெருமளவு இழக்கின்றன. முப்பரிமாண வளர்ப்பு இதை ஓரளவு ஈடுகட்டுகிறது. ஆனால் ரத்த ஓட்டமும் நோயெதிர்ப்புச் செல்களும் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. அதனால் கலத்தில் தேறிய மருந்து, பெரும்பாலும் விலங்குச் சோதனையிலும், பின் மனிதச் சோதனையிலும் மீண்டும் தேற வேண்டியிருக்கிறது.