பட்டியும் கூலியாளும்: அண்மையில் படித்த கொங்கு நூல்கள் சில

அண்மையில் நாம் படித்த நூல்கள் சிலவற்றை இவ்விதழின் வாசகர்களுக்குப் பரிந்துரைக்க விரும்புகிறோம். இவற்றுள் பெரும்பாலானவை புதியன அல்ல. ஒன்று எண்பது ஆண்டுகளைக் கடந்தது. புதினமும் மொழிபெயர்ப்பும் அகராதியும் கவிதையும் மானிடவியல் ஆய்வும் இவற்றில் கலந்துள்ளன. இவற்றை ஒன்றாகக் கட்டும் கயிறு ஒன்றே: யாவும் கோயம்புத்தூரையும் அதனைச் சூழ்ந்த கொங்கு நாட்டையும் பற்றியவை. இறையியல் நூல் என்று பெயர் பெற்றது ஒன்றுகூட இவற்றில் இல்லை. அதற்கு நாம் மன்னிப்புக் கோரப்போவதில்லை.

இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் ஐயர் 1830ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பணியைத் தொடங்கினார். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக இம்மண்ணில் நற்செய்தி கூறப்பட்டு வருகிறது. ஆயினும் கொங்கு மக்களின் வாழ்வை எழுதிய புதினங்களைப் படிக்குங்கால், நினைவில் நிற்கும் அளவுக்குத் திருச்சபை அவற்றில் இடம்பெறவில்லை என்பதைக் காண்கிறோம். எழுத்தாளர்கள் நம்மைக் கவனிக்கவில்லை என்று குறைகூறுவது எளிது. நாம் அவர்களைக் கவனித்திருக்கிறோமா என்பதே கேள்வி. ஈரோட்டில் ஊழியம் செய்த எச். ஏ. பாப்ளி 1921இல் இந்திய இசையைப் பற்றி நூல் எழுதினார்; 1931இல் திருக்குறளின் தெரிந்தெடுத்த பகுதிகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். மக்களுக்குப் போதிக்க வந்தவர் அவர்களுடைய நூலையும் இசையையும் முதலில் கற்றார். நம் ஆயர்களின் அலமாரிகளில் அத்தகைய கல்விக்கு இன்று எவ்வளவு இடம் உண்டு என்பதை அவரவரே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000). இதனைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். கூளையன் என்னும் அருந்ததியச் சிறுவன் கவுண்டர் வீட்டுப் பண்ணயத்தில் ஆடு மேய்க்கிறான். பள்ளிக்குப் போகும் வயது. ஆனால் ஆண்டுக் கூலிக்கு விடப்பட்டவன். அவனைப் போன்றே வெவ்வேறு பண்ணயங்களில் கட்டுண்ட நெடும்பன், வவுறி, செவிடி ஆகிய பிள்ளைகளே அவனுக்கு உலகம். மேட்டாங்காட்டின் வெயில், பனைமரங்கள், கிணற்று நீச்சல், திருட்டுத்தனமாகத் தின்ற காய்கனி இவற்றினூடே ஒரு குழந்தைமை மெல்லத் தேய்வதை ஆசிரியர் உரத்த குரலின்றிக் கூறுகிறார். திருடியதற்குத் தண்டனையாக அச்சிறுவன் கிணற்றுக்குள் தொங்கவிடப்படும் பகுதியைக்கூட ஓங்கிய குரலில் அவர் எழுதவில்லை. அதனாலேயே அது நம்மை விட்டு அகல மறுக்கிறது. ஆண்டையின் மகன் செல்வனும் கூளையனும் தோழர்களாகவும் எசமானும் ஆளுமாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் அந்த உறவை இவ்வளவு நுட்பமாக எழுதிய தமிழ்ப் புதினம் வேறொன்றை நாம் அறியோம்.

இந்நூலைப் படித்து முடித்தபின் யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தைத் திறந்தோம். அங்கே நல்ல மேய்ப்பனுக்கு எதிராகக் கூலியாள் நிறுத்தப்படுகிறான். ஆடுகள் அவனுடையவை அல்ல. ஆகவே ஓநாய் வருங்கால் ஓடிப்போகிறான். இப்பகுதியை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதன்மேல் அருளுரைகளும் ஆற்றியிருக்கிறோம். ஆனால் கொங்கு நாட்டுப் பட்டியில் நடப்பது என்ன? படல்களால் அடைத்த பட்டியை உரத்திற்காகக் காட்டுக்குக் காடு மாற்றிப் போடுகிறார்கள். ஆடுகளுக்கு உரியவர் வீட்டில் உறங்குகிறார். பனியிலும் மழையிலும் பட்டிக்கு அருகே கண்விழித்துக் கிடப்பவன் கூலிக்கு வந்த சிறுவன். ஓநாய்க்கு அஞ்சி அவன் ஓடுவதில்லை; ஓடினால் அவனுக்குப் போக்கிடம் இல்லை. கொங்குநாட்டுச் சபைகள் பலவற்றின் இருக்கைகளில் அமர்ந்திருப்போர் இக்கூளையன்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. கூலியாள் கவலையற்றவன் என்று பீடத்திலிருந்து நாம் கூறும்பொழுது அவர்கள் செவியில் என்ன விழுகிறது?

உவமையின் நோக்கம் கூலிக்காரரைப் பழிப்பதன்று என்பதை மறுப்பார் இல்லை. எசேக்கியேல் முப்பத்து நான்காம் அதிகாரம் அதன் பின்னணியில் நிற்கிறது. குற்றம் சாட்டப்படுவோர் மந்தையைத் தின்று கொழுத்த தலைவர்கள். இந்த விளக்கம் வகுப்பறையில் கூறப்படுகிறது. பீடத்திற்கு அது வந்து சேர்வதில்லை என்பதே நம் வருத்தம். திருமறையிலேயே கூலியாளின் சாட்சியம் ஒன்று உண்டு. லாபானிடம் இருபது ஆண்டுகள் வேலை செய்த யாக்கோபு, பகலின் வெயிலையும் இரவின் குளிரையும், தூக்கமற்ற கண்களையும், காணாமற்போன ஆட்டுக்குத் தானே ஈடுகொடுத்ததையும் எண்ணிச் சொல்கிறான் (ஆதியாகமம் 31). பட்டியில் வேலை செய்த எவருக்கும் அவ்வசனங்களுக்கு விளக்கவுரை வேண்டா. இவ்விரு பகுதிகளையும் அருகருகே வைத்து அருளுரை ஆற்றும் துணிவை ‘கூளமாதாரி’ நமக்குத் தந்தது. ‘ஆயர்’ என்ற பெயரைச் சூடிக்கொண்டிருக்கும் நமக்கு மேய்த்தல் என்பது என்ன தொழில் என்று தெரிந்திருப்பது குறைந்தபட்ச நேர்மை அன்றோ?

இரண்டாவதாக ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942). வட்டாரப் புதினத்தின் முன்னோடி என்று இலக்கிய வரலாறுகள் இதனைக் குறிப்பிட்டுவிட்டு அப்பால் நகர்ந்துவிடும். அவ்வாறு நகர்வது நூலுக்கு இழைக்கும் அநீதி. கணவனை இழந்த நாகம்மாள் கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். அவ்வளவே கதை. கேட்பதற்கு அவளைத் தூண்டும் கெட்டியப்பனின் நோக்கம் தூயதன்று. அவளும் குற்றமற்ற தெய்வப்பெண் அல்லள். சின்னப்பனும் கொடியவன் அல்லன். நல்லவர் தீயவர் என்று பிரித்துக்காட்டாமல், நிலம் என்ற ஒன்று உறவுகளை எவ்வாறு அறுக்கிறது என்று மட்டும் காட்டி, கொலையில் கொண்டுவந்து நிறுத்துகிறார் ஆசிரியர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தளவே.

இதனுடன் சட்ட வரலாறு ஒன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்துக் கைம்பெண்களுக்குச் சொத்தில் வரையறைக்குட்பட்ட பங்கு அளித்த சட்டம் 1937இல் வந்தது. ஆனால் மாகாணங்களில் வேளாண் நிலத்திற்கு அது செல்லாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறிவிட்டது. சென்னை மாகாணம் அதனை வேளாண் நிலத்திற்கு நீட்டித்தது 1947இல்தான். ஆக 1942இன் நாகம்மாள், அன்றைய சட்டம் வழங்காததைக் கேட்கிறாள். எண்ணாகமம் இருபத்தேழாம் அதிகாரத்தில் செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளும் அவ்வாறே, இல்லாத உரிமையை மோசேயின் முன் நின்று கேட்டனர். அவர்கள் கேட்டது நியாயம் என்று தீர்ப்பாயிற்று. நாகம்மாளுக்கு அத்தகைய மோசே வாய்க்கவில்லை. இதனை ‘அவர்கள்’ வீட்டுச் செய்தி என்று நம் வாசகர்கள் ஒதுக்க வேண்டாம். திருவிதாங்கூர்ச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணான மேரி ராய், தந்தையின் சொத்தில் சமபங்கு பெற உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. தீர்ப்பு வந்தது 1986இல்.

ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) வேறு வகையான நூல். வீரப்பனைத் தேடுதல் என்னும் பெயரால் இரு மாநில அதிரடிப்படைகள் சத்தியமங்கலம், மாதேசுவரன் மலைப் பகுதிகளின் பழங்குடிகள்மேல் நிகழ்த்திய கொடுமைகளை மனித உரிமைத் தளத்தில் பணியாற்றிய வழக்கறிஞர் ஒருவர் புதினமாக்கியிருக்கிறார். முதற்பாகம் தொட்டியின் வாழ்வு: கொத்தல்லியின் தலைமை, ராகிக் காடு, தேனெடுப்பு, பீனாச்சி இசை, தெய்வங்கள், நிலம் பறிபோதல். இரண்டாம் பாகம் சித்திரவதை முகாம்.

இலக்கியத் திறனாய்வு நோக்கில் ஒரு குறை கூறலாம்: இரண்டாம் பாகத்தில் துன்பங்கள் அடுக்கிக்கொண்டே போகின்றன; மனிதர் தனித்தன்மை இழந்து பாதிக்கப்பட்டோர் என்ற ஒரே உருவாகிவிடுகின்றனர். முதல் வாசிப்பில் நாமும் அவ்வாறே எண்ணினோம். பிறகு அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டோம். சித்திரவதையின் வேலையே மனிதரைத் தனித்தன்மை அற்றவராக்குவதுதான். முதற்பாகத்தில் அவர்களை முழு மனிதராக நாம் கண்டிராவிட்டால் பறிக்கப்பட்டது எது என்றே தெரியாது. இவை கற்பனை என்று ஒதுக்குவோர்க்கு ஒன்று: இம்முறையீடுகளை விசாரிக்க நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைந்தது 1999இல், 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 இலட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்குமாறு கூறிற்று. நம் ஆராதனை முறைகளில் நன்றிப் பாடல்கள் மிகுதி. புலம்பலுக்கு ஒதுக்கிய பக்கங்கள் மிகச் சில. இந்நூலைப் படித்தோர் அக்குறையை உணர்வர்.

ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிய ‘எரியும் பனிக்காடு’ பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ரெட் டீ’ என்னும் புதினத்தின் தமிழாக்கம். இரா. முருகவேள் 2007இல் செய்தார். தமிழ்க் கூலிகளின் கதை தமிழுக்கு வந்துசேர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. டேனியல் அத்தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். தொழிலாளரைச் சங்கமாக்க உழைத்தவர். கங்காணியின் ஆசைவார்த்தையில் மயங்கித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறும் கருப்பனும் வள்ளியும் கடனிலும் காய்ச்சலிலும் அட்டைக்கடியிலும் அகப்படுவதே கதை. கலைநயத்தில் ‘நாகம்மா’ளுக்கு இது ஈடாகாது, வண்ணங்கள் கறுப்பும் வெள்ளையுமாகவே தீட்டப்பட்டுள்ளன. சாட்சியமாக இதன் இடம் பெரிது.

2013இல் இதனைத் தழுவி வெளிவந்த ‘பரதேசி’ திரைப்படத்தில், கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவர் ஒருவர் மதமாற்றத்தில் முனைவதாகக் காட்டப்பட்டது நம்மவர் பலரைப் புண்படுத்தியது. நூல் அவ்வாறு எழுதப்பட்டதன்று. ஆயினும் திரைப்படத்தின்மேல் சினந்தவர்களுள் எத்தனை பேர் நூலை வாங்கிப் படித்தனர்? தோட்டத் துரைமார் பெயரளவிலேனும் கிறிஸ்தவர்களாயிருந்தனர் என்னும் செய்தி, திரைப்படத்தின் காட்சியைவிட நம்மைக் கூடுதலாகத் தொல்லைப்படுத்த வேண்டும்.

‘மாதொருபாகன்’ (2010) பற்றி அதிகம் கூறத் தேவையில்லை. 2014இன் இறுதியில் எழுந்த எதிர்ப்பு, 2015 சனவரியில் பெருமாள்முருகன் எழுத்தைத் துறப்பதாக அறிவித்தமை, 2016 சூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் அளித்த தீர்ப்பு ஆகியவை யாவரும் அறிந்தவை. அறியப்படாதது நூல்தான். திருச்செங்கோட்டுத் திருவிழா இரவைப் பற்றியே பேசியோர், அதற்கு முன் பக்கம் பக்கமாக வரும் காளி, பொன்னா இருவரின் அன்பைப் படிக்கவில்லை. பிள்ளையில்லாதவள் என்பதால் நல்ல காரியங்களில் பொன்னா ஒதுக்கப்படும் ஒவ்வொரு சிறு அவமானமும் நம் சபைகளிலும் நிகழ்வதே. அன்னாளின் வரலாற்றை நாம் எப்பொழுதும் சாமுவேலின் பிறப்பிலிருந்து பின்னோக்கியே போதிக்கிறோம். எல்க்கானா அவளைத் தேற்ற முயலும் அந்தக் கையற்ற அன்பை, பிள்ளை பிறவாமலே போயிருப்பினும் பொருளுடையதாக எவரும் எடுத்துரைத்து நாம் கேட்டதில்லை. காளியின் அன்பு அத்தகையது. கதையைத் தொடர விரும்புவோர்க்கு ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என்று இரு வேறு முடிவுகளை ஆசிரியரே பின்னர் எழுதியுள்ளார்; நமக்கு முதல் நூலே போதுமானதாயிருந்தது.

அகராதியைப் படிக்கப் பரிந்துரைப்பது விந்தையாகத் தோன்றலாம். அதே ஆசிரியர் தொகுத்த ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ (2000) மேசைமேல் இருக்க வேண்டியது. காட்டில் கட்டிய வீடு சாளை. வீட்டின் பின்புறம் பொடக்காளி. இங்கே வீட்டிற்கு வரும் விருந்தினரையும் உறவினரையும் ஒறம்பரை என்னும் ஒரே சொல் குறிக்கிறது. விருந்து என்றாலே உறவு என்றாகிவிட்ட வழக்கில், அந்நியரை உபசரியுங்கள் என்னும் எபிரெயர் நிருபத்தின் அறிவுரையை எந்தச் சொல்லால் கூறுவது? மொழிபெயர்ப்புக் குழுக்கள் இதனை ஆராயலாம்.

ஆங்கிலம் படிப்போர், காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ந்த பிரெண்டா பெக் 1972இல் வெளியிட்ட கொங்கு வேளாண் சமூகம் பற்றிய நூலை நூலகத்தில் தேடிப் பார்க்கவும். வலங்கை, இடங்கைப் பிரிவுகள் உணவிலும் சடங்கிலும் வழிபாட்டிலும் எவ்வாறு வேறுபட்டன என்பதற்கு அதனினும் தெளிவான விளக்கம் நாம் கண்டதில்லை. நடை மட்டும் சற்று வறண்டது. கவிதைக்குச் சிற்பியின் ‘ஒரு கிராமத்து நதி’. 2002ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. வானம்பாடி இயக்கத்தின் முழக்கம் ஓய்ந்தபின், அவ்வியக்கக் கவிஞர் ஒருவர் தம் ஊரையும் ஊர் மனிதரையும் நினைத்துப் பார்க்கும் தொகுப்பு இது. சில கவிதைகள் ஏக்கத்தில் இனித்துவிடுகின்றன, சில நிலைத்து நிற்கின்றன.

எதனை முதலில் எடுப்பது என்று மாணவர்கள் கேட்கக்கூடும். ‘நாகம்மாள்’ சிறியது, கோயம்புத்தூரிலிருந்து தாராபுரம் போய்வரும் பேருந்துப் பயணத்தில் பெரும்பகுதியைப் படித்துவிடலாம். ‘கூளமாதாரி’க்கு ஒரு வாரம் கொடுங்கள். ‘சோளகர் தொட்டி’யின் இரண்டாம் பாகத்தை இரவில் தொடங்க வேண்டாம்.